கண்ணால பாக்கல

வாங்க, உள்ள வாங்க. அந்த நாற்காலி ஆடும், இங்க கட்டில்லயே உக்காருங்க. பாலத்துல எறங்கி நடந்தா வந்தீக? ஆட்டோ புடிச்சிருக்கலாம்ல. வெயிலு மண்டையைப் பொளக்குது. கரண்டு வேற இல்ல, இப்ப வந்துரும்.

பொண்ணுக்குச் சாச்சின்னு போன்ல சொன்னீக. பொண்ணோட உம்மா வரலையா? சரிதான், மொத மொத விசாரிக்க வர்றப்ப பெத்தவ வரமாட்டா. நானா இருந்தாலும் தங்கச்சியைத்தான் அனுப்புவேன். நான்தான் சபுரா, அஸ்கருக்கு உம்மா. எங்க வீட்டுக்காரவுக மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாளு உள்ளேயே இத்தா இருந்து முடிச்சு இப்பத்தான் வாசப்பக்கம் வர்றேன். அதான் வீடு இப்படிக் கெடக்கு. தப்பா நெனைக்காதீக.

நீங்க கேக்க வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு மொத நிக்காஹ் ஏன் முறிஞ்சுச்சுன்னு கேக்கணும். கேக்கத்தான் செய்யணும். தெருவுல நாலு பேருட்ட கேட்டா நாலு விதமாச் சொல்லுவாக, என்கிட்ட கேட்டா உள்ளது கெடைக்கும். நான்தான வீட்டுல இருந்தேன்.

அவன் மேல பெரிசா ஒண்ணும் இல்ல தங்கச்சி. எல்லாம் அவன் வாப்பாவால வந்தது.

அவுக பேரு வதூது. இந்த ஊரு ஜமாஅத்துக்கு ரொம்ப வருஷம் தலைவரா இருந்தாக. ஒருத்தரும் எதிர்த்து நின்னதில்ல. நீங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, அவுகளைக் குறை சொல்ல ஒரு ஆளு கெடைக்காது. நான் ஒருத்திதான்.

அவுக எப்படின்னு சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். ஒரு தடவ ரெண்டு பசங்க வந்தானுவ. 'தலைவரே, காசிமு வீட்டுக்குள்ள உக்காந்து குடிக்கிறான், ஜமாஅத்துல வச்சு விசாரிக்கணும்'னானுவ. இவுக மெதுவாக் கேட்டாக, 'கதவு தொறந்திருந்துச்சா?' 'இல்ல, சாத்தியிருந்துச்சு.' 'அப்ப நீங்க எப்படிப் பாத்தீக?' 'பின்பக்கம் சுவரு ஏறிப் பாத்தோம்.' சரின்னு அந்த ரெண்டு பேரையும் காசிமு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, சுவரு ஏறினதுக்கு அவன்ட்ட மன்னிப்புக் கேக்க வச்சாக. காசிமை ஒரு வார்த்த கேக்கல. ஊரே சிரிச்சுச்சு. அப்புறம் காசிமு தானா விட்டுட்டான்னு சொன்னாக, அது எனக்குத் தெரியாது.

இப்படி எளக்கமா இருக்காகளேன்னு பாத்தா, மீன் ஏலக்கடையில பெரிய மொதலாளி ஒருத்தரு தராசுல ஏதோ பண்ணி வச்சிருந்தாருன்னு தெரிஞ்சு, விடியக்காலையில போயி அந்தத் தராசுக்குப் பக்கத்துல நின்னாக. சண்ட போடல, சத்தம் போடல. சும்மா நின்னாக. ஒரு வாரம் போல நின்னாக. மொதலாளி தராசை மாத்திட்டாரு. அவரு நம்ம கல்யாணத்துக்கெல்லாம் பெரிய மீனா அனுப்புற ஆளு. அதோட அதுவும் நின்னு போச்சு.

'காசிமு குடிச்சா கேக்க மாட்டீக, மொதலாளி தராசுல ஏதோ பண்ணினா கேப்பீகளோ'ன்னு நான் கேட்டேன். 'அது அவனுக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளது. இது அடுத்தவன் வயித்துல கை வைக்கிறது. ரெண்டும் ஒண்ணா சபுரா'ன்னாக. இப்படித்தான் பேசுவாக. வெளங்குற மாதிரியே இருக்கும், ஆனா வீட்டுக்கு ஒண்ணும் ஒதவாது.

தலைவர் பொஞ்சாதின்னு நான் ஒரு சொகமும் கண்டதில்ல தங்கச்சி. கல்யாணச் சாப்பாட்டுல அவுக பக்கம் ரெண்டு கறி கூட வச்சா, எடுத்து அடுத்த ஆளு பக்கம் தள்ளிருவாக. பெருநா அன்னைக்கு நான் பொம்பளைகள்ல முன்னாடி உக்காந்தாக்கூட வீட்டுக்கு வந்து, 'லேட்டா வந்தவ எதுக்கு முன்னாடி போன'ன்னு கேப்பாக. யாரு போயி அவுகட்ட சொல்லுவாகளோ.

டீ குடிங்க, ஆறுது. சீனி போதுமா?

அஸ்கரு கோவக்காரன். மறைக்க மாட்டேன். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஆனா மனசுல ஒண்ணும் இருக்காது. அடிச்சான்னா அடுத்த நிமிஷம் அவனே கடைக்குப் போயி ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்து, இந்தா தின்னுன்னு குடுப்பான். பாசம் இல்லாதவன் வாங்குவானா? சொல்லுங்க.

அந்தப் பொண்ணு பேரு பௌசியா. ஐஸ் கம்பெனியில வேலை பாத்த தாவூது மக. இல்லாத வீடுதான். எங்க வீட்டுக்காரவுகதான் பாத்து எடுத்தாக, புள்ள குர்ஆன் நல்லா ஓதும்னு. நல்ல புள்ள. நான் பொய்யாக் குறை சொல்ல மாட்டேன். என் காலு வலிக்கு அவதான் எண்ணெய் தேச்சு விடுவா. ஆனா கொஞ்சம் பதில் பேசும். இவன் குவைத்துல கம்பெனி மூடி வீட்டுக்கு வந்து, சும்மா போனைப் பாத்துக்கிட்டு கெடந்தான். ஆம்பளைக்கு அது எவ்வளவு கஷ்டம். அந்த நேரத்துல போயி, 'மாமாட்ட சொல்லி ஏதாவது கடை போடலாமே'ன்னு சொல்லியிருக்கா. ஆம்பளைட்ட அப்படிச் சொல்லலாமா? அதுல கை நீட்டியிருக்கான்.

ஒரு நாளு மீன் ஆயும்போது எங்கிட்ட சொன்னா. 'மாமி, நேத்தும் அடிச்சிட்டாக'ன்னு. நான் நல்ல விதமாத்தான் சொன்னேன். 'மாமாட்ட சொல்லிறாத. அவுகளுக்குப் பிரஷர். ஊரு பாரமெல்லாம் அவுக தலையில இருக்கு. நீ பொறுத்துக்க, ஒரு புள்ள உண்டாச்சுன்னா சரியாயிரும்'னு சொன்னேன். அவ தலையாட்டினா. அதுக்கப்புறம் எங்கிட்ட சொல்லல. சரியாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவுக நேரத்தோட ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாக. நான் சமையக்கட்டுல கறிக்கு மசாலா அரைச்சுக்கிட்டு இருந்தேன். அஸ்கரு ரூமு அந்தா, அந்தப் பக்கம். கதவு சாத்தியிருந்துச்சு. மிக்சியை நிப்பாட்டி மூடியைத் தொறந்தேன், அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவதும் கேட்டுச்சு. 'மாமி'ன்னு ஒரு தடவ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நான் மூடியைப் போட்டுத் திரும்ப மிக்சியை ஓட விட்டேன். புருஷன் பொஞ்சாதி ரூமுக்குள்ள நான் எப்படிப் போறது? மசாலா ரொம்ப மையா அரைஞ்சு போச்சு அன்னைக்கு.

கொஞ்ச நேரத்துல அவ புர்காவைப் போட்டுக்கிட்டு வெளிய போனா. உம்மா வீட்டுக்குப் போறாளாக்கும்னு நெனச்சேன். இவன் அவனா வந்து, 'கறி ஆச்சா உம்மா'ன்னு கேட்டான்.

அவ நேராப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கா. ஜும்மா முடிஞ்சு ஆம்பளைகள் எல்லாம் வெளிய வர்ற நேரம். கேட்டுக்கு வெளிய ஓரமா நின்னிருக்கா. நான் பாக்கல, அலாவுதீன் பொஞ்சாதி வந்து சொன்னா. அலாவுதீன்தான் அப்ப துணைத்தலைவரு. இவுக வெளிய வந்ததும் அவ சொல்லியிருக்கா: 'மாமா, நான் உங்க மருமகளா வரல. ஜமாஅத்துல முறையிட வந்திருக்கேன். உங்க மகன் அடிச்சதுல ஒரு பக்கம் காது கேக்க மாட்டேங்குது.' முக்காடுல ரத்தம் இருந்துச்சாம்.

வேற ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பாக? 'வீட்டுக்கு வாம்மா, பேசிக்கலாம்'னு கூட்டிட்டு வந்திருப்பாக. நானும் அதைத்தான் எதிர்பாத்தேன். இவுக என்ன பண்ணினாக தெரியுமா? அலாவுதீனைக் கூப்பிட்டு, 'இனிமே இதுல நீங்கதான் தலைவரு. நான் பையனோட வாப்பா, அந்தப் பக்கம் நிக்க வேண்டியவன்'னு சொல்லியிருக்காக. அப்புறம் அவளைப் பாத்து, 'மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா. போலீசுக்குப் போறதுன்னாலும் போ. ஜமாஅத்து குறுக்க நிக்காது, நான் பொறுப்பு'ன்னாகளாம். பெத்த மவன் மேல போலீசுல சொல்லச் சொல்ற வாப்பாவை நீங்க எங்கயாவது பாத்திருக்கீகளா?

அவ போலீசுக்குப் போகல. அந்த மட்டும் நல்ல புள்ள.

வீட்டுக்கு வந்தாக. கறியைத் தொடல. இவன் வெளிய போயிட்டான். நான்தான் பேச்சை எடுத்தேன். 'காசிமு வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சுன்னு விட்டீகள்ல. இதுவும் சாத்தின கதவுக்குள்ள நடந்ததுதான். ஊரான் கதவுக்கு ஒரு நியாயம், என் மவன் கதவுக்கு ஒரு நியாயமா'ன்னு கேட்டேன். நல்லாக் கேட்டேன்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன்.

அவுக தட்டை ஓரமா நகட்டி வச்சாக. அப்புறம் சொன்னாக, 'உள்ளேர்ந்து ஒருத்தி கூப்பிட்டா அது சாத்தின கதவு இல்ல சபுரா.'

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவ கூப்பிட்டது அவுகளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பொதுவாச் சொல்லியிருக்காக. அப்படித்தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை விசாரணைன்னு வச்சாக. அதுக்கு முந்தி சாட்சி கேக்கணும்ல. வீட்டுல இருந்தது நான் ஒருத்தி. அலாவுதீனும் இன்னொருத்தரும் வந்தாக. நான் இந்தத் திரைக்குப் பின்னாடி நின்னேன். எங்க வீட்டுக்காரவுக அந்தா அந்தத் தூணுகிட்ட நின்னாக. அலாவுதீன் கேட்டாரு, 'அஸ்கரு கை நீட்டினதைக் கண்ணால பாத்தீகளா?'

'பாக்கல'ன்னேன்.

பொய்யா தங்கச்சி அது? நீங்களே சொல்லுங்க. கதவு சாத்தியிருந்துச்சு. நான் சமையக்கட்டுல இருந்தேன். கண்ணால பாத்தீகளான்னு கேட்டாக, பாக்கலன்னு சொன்னேன். அல்லா மேல ஆணையாச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். நான் பாக்கல.

வந்த ரெண்டு பேருக்கும் நிம்மதி. தலைவர் மவன் விஷயம், சீக்கிரம் முடிஞ்சா நல்லதுன்னுதான் எல்லாரும் நெனைப்பாக. 'அப்ப சாட்சி இல்ல, ரெண்டு பேருக்கும் புத்தி சொல்லி அனுப்பிருவோம்'னு அலாவுதீன் எந்திரிச்சாரு. நல்ல மனுஷன். அப்பத்தான் இவுக தூணுகிட்டேர்ந்து கேட்டாக.

'சபுரா, காதால கேட்டியா?'

அந்நிய ஆம்பளைகள் முன்னாடி, பேரைச் சொல்லி. அதுவரைக்கும் அவுக என் பேரை வெளியாளு முன்னாடி சொன்னதில்ல. அடுப்புல பாலு இருந்துச்சு. உள்ள போயிட்டேன்.

உள்ளேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இவுக வந்தவுகட்ட சொன்னாக, 'பதில் சொல்லாம உள்ள போயிட்டா. அதை அங்க அப்படியே சொல்லுங்க. கூட்டியும் சொல்ல வேணாம், கொறைச்சும் சொல்ல வேணாம்.'

கரண்டு வந்துருச்சு. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கவா? சரி.

விசாரணை அன்னைக்குப் பள்ளியில கூட்டம். தலைவருக்குன்னு ஒரு எடம் உண்டு, இவுக அங்க உக்காரல. பாயில மவனுக்குப் பக்கத்துல போயி உக்காந்தாக. இவனுக்கு அவமானம், தள்ளித் தள்ளி உக்காந்திருக்கான். எல்லாம் சொல்லி முடிச்சதும் இவுக எந்திரிச்சாக. என்ன சொன்னாகன்னு ஊரே மனப்பாடமா வச்சிருக்கு, நீங்களும் கேட்டிருப்பீக.

'நானும் அடிச்சதைப் பாக்கல, கேக்கல. ஆனா கொஞ்ச நாளா அந்தப் புள்ள முக்காட்டை ஒரு பக்கமா இழுத்து இழுத்து விட்டதைப் பாத்தேன். என் மருமகதான், என் வீட்டுல சோறு போட்ட புள்ளதான். என்னம்மான்னு ஒரு வார்த்த கேக்கல. ஊராரு தராசைப் பாத்தவன் என் வீட்டைப் பாக்கல. அவளுக்கு எங்கிட்ட சொல்லப் பயம், அதான் பள்ளிவாசல் வரைக்கும் நடந்து வந்திருக்கா. தலைவன்ட்ட சொல்லப் பயப்படுற வீட்டுல இருக்கிறவன் தலைவனா இருக்கக்கூடாது. வேற ஆளைப் பாத்துக்கங்க.'

அவ்வளவுதான். தொழ வைக்கிற ஹஜரத்து வேணாம்னாரு, அலாவுதீன் கையைப் புடிச்சாரு. கேக்கல. அவளுக்குப் பிரிஞ்சு போக உரிமைன்னு முடிவாச்சு. நகை, சீரு எல்லாம் அன்னைக்கே வண்டியில ஏத்தி இவுகளே கொண்டு போயி எறக்கினாக. அவகிட்ட மன்னிப்புக் கேளுன்னு இவன்ட்ட சொன்னதுக்கு, இவன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். அடுத்த மாசம் துபாய்க்கு ஏறினான். அன்னைக்கோட வாப்பாட்டப் பேச்சு இல்ல. எங்கிட்ட மட்டும் பேசுவான். அவன் பேசுற நேரம் இவுக மாடிக்குப் போயிருவாக.

அப்புறம் நான் அவனுக்குப் பொண்ணு பாத்தேன். ஒரு எடம் நல்லாக் கூடி வந்துச்சு. அந்தப் பொண்ணோட மாமா வந்து இவுகட்ட கேட்டாரு. இவுக உள்ளதைச் சொல்லிட்டாக. 'அடிச்சான், காது போச்சு, மன்னிப்புக் கேக்கல, இப்ப எப்படின்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட பேசுறதில்ல.' போச்சு. இன்னொரு எடம். அவுகளும் வந்து கேட்டாக. அதையும் சொன்னாக. 'ஒரு வார்த்த, நல்ல புள்ளன்னு சொல்லப்படாதா, சொந்த மவன்தான'ன்னு அழுதேன். 'வர்ற புள்ளைக்கும் ஒரு வாப்பா இருப்பாருல்ல'ன்னாக. அதோட நான் அழுகுறதை விட்டுட்டேன். இப்ப அழுக வர்றதும் இல்ல. அவுக மௌத்தன்னைக்கும் வரல. எல்லாரும் என்னைப் பாத்தாக.

அவுகளுக்கு என் மேல கோவம்னு சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் மருந்து வாங்கிட்டு வந்து குடுத்தாக, பெருநாளைக்குச் சேலை எடுத்தாக. ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு அந்தத் தூணுகிட்ட கேட்டாகள்ல, அதுக்கப்புறம் எங்கிட்ட எதையுமே கேட்டதில்ல. உப்பு இருக்கான்னு கேக்க மாட்டாக, 'உப்பு வேணும்'பாக. தூங்கிட்டியான்னு கேக்க மாட்டாக. காலு வலி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாக, தைலத்தை எடுத்துப் பக்கத்துல வச்சிட்டுப் போயிருவாக. மொதல்ல எனக்குத் தெரியல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சப்புறம் காத்துக்கிட்டே இருந்தேன், ஏதாவது ஒண்ணு கேப்பாகளான்னு.

ஒரு நாளு விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாக, எந்திரிக்கல. நெஞ்சு வலி. இவன் லீவு கெடைக்கலன்னுட்டான். குளிப்பாட்டின மையித்தை முன்னாடி வச்சுக்கிட்டு, இவரால யாருக்காவது கஷ்டம் வந்திருந்தா மன்னிச்சிருங்கன்னு மவன் நின்னு கேக்கணும். அலாவுதீன்தான் கேட்டாரு. யாரும் ஒண்ணும் சொல்லல.

அவ வந்தா. பௌசியா. இப்ப ரெண்டாவது தெருவுல புள்ளைகளுக்கு ஓதிக் குடுக்குறா, நிக்காஹ் எதுவும் பண்ணிக்கல. பக்கத்துல வந்து உக்காந்தா. நான் என்ன பேசுறது, 'சாப்பிட்டியா'ன்னேன். அவ அப்படியே உக்காந்திருந்தா. திமிருன்னு நெனச்சேன். திரும்பக் கேட்டதும் தலையைத் திருப்பி, 'இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க மாமி, அந்தப் பக்கம் கேக்காது'ன்னா. எல்லாரும் சொன்னாகதான், காது போச்சு காது போச்சுன்னு. ஏதோ சும்மா சொல்றாகன்னு நெனச்சிருந்தேன்.

அவதான் சொன்னா. 'மாமா வாராவாரம் வருவாக மாமி. வாசல்லயே நின்னு, காது எப்படிம்மா இருக்கு, டாக்டர்ட்ட போனியா, வேற ஏதும் கஷ்டம் இருக்கான்னு கேட்டுட்டுப் போவாக'ன்னா.

எனக்குத் தெரியாது அது. அங்க போயிக் கேட்டிருக்காக.

இப்ப அலாவுதீன்தான் தலைவரு. தங்கமான மனுஷன். யாரு வீட்டு விஷயத்துலயும் தலையிட மாட்டாரு. நீங்க போயி அஸ்கரைப் பத்திக் கேட்டாலும் நல்லதாத்தான் சொல்லுவாரு, நான் பேசி வச்சிருக்கேன். மீன் ஏலக்கடையிலேர்ந்து போன வாரம் நமக்கு மீன்கூட வந்துச்சு. ஊரு அமைதியா இருக்கு.

என்ன கேட்டீக? இப்ப கோவம் கொறைஞ்சிருக்கான்னா? அது எனக்கு எப்படித் தெரியும், அவன் அங்க இருக்கான், நான் இங்க இருக்கேன். போன்ல நல்லாத்தான் பேசுறான். போன வாரம் ரூமுல கூட இருக்கிற பையனோட ஏதோ சண்டைன்னான். அது ஆம்பளைகளுக்குள்ள.

பொண்ணு போட்டோ கொண்டு வந்தீகளா? கைப்பையைத் தொறந்தீக, திரும்ப மூடிட்டீக. காட்டுங்க, பாக்குறேன். அவனுக்கும் அனுப்பணும்ல.

ஏன் எந்திரிச்சிட்டீக? டீயைக் குடிக்கவே இல்ல. வேற போட்டுத் தரவா? பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. உக்காருங்க தங்கச்சி. நான் தப்பா ஏதும் சொல்லலையே. உள்ளதைத்தான சொன்னேன்.

மொத ரெண்டு எடத்துக்காரவுகளும் இப்படித்தான் எந்திரிச்சுப் போனாக. அப்ப அவுக இருந்தாக, அவுக சொல்லித்தான் போச்சு. இப்ப அவுக இல்ல. இனிமே சொல்றதுக்கு ஆளு இல்லைன்னு நெனச்சுத்தான் நான் உங்களை வரச் சொன்னேன்.